குண்டு போன தூரம்

கடலூரில் எந்தெந்த ஊர் யாருக்குச் சொந்தம் என்பதை ஒரு காலத்தில் பீரங்கிக் குண்டு முடிவு செய்தது. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. செஞ்சியில் அப்போது இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். சென்னையில் கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு, அங்கிருந்து சுட்டால் குண்டு எட்டுகிற எல்லை வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. யேல் விவரமானவர். நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து அனுப்பிவைத்து, மருந்து கெட்டிப்பதிலும் குழலைத் தூக்கி நிறுத்துவதிலும் பீரங்கிக்காரர் தன் கைவரிசையைக் காட்டட்டும் என்று சொல்லியனுப்பினார். சுற்றிலும் சுட்டார்கள். கடலூர் நகரமே எல்லைக்குள் வந்துவிட்டது. அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் நிலைத்தது. இன்று வெள்ளிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்தக் கோட்டையின், அதாவது புனித டேவிட் கோட்டையின், மிச்சத்தைப் பார்க்கலாம். சுண்டல் வாங்குகிற கூட்டத்தில் பத்துப் பேருக்கு ஒருவர் கூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அந்தப் பீரங்கிக்கு இலக்கு என்று ஒன்று கிடையாது. எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு லாபம். எங்கே விழுகிறது என்பதைவிட எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதே முக்கியம். இன்று தொலைதூரம் சுடுகிறவர்களுக்குத் தூரம் பெரிய காரியமில்லை. ஆயிரம் மீட்டரில் ஒரு தாம்பாளம் அளவு இரும்புத் தட்டைத் தட்ட வேண்டும். அதே துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறி வேட்டையும் ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒரு கூட்டம் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ரைஃபிளைச் செய்துகொள்ள முடியுமா என்பது அவர்களுக்குத் தீராத கேள்வி. மலையே இல்லாத நம் ஊரில் இந்தப் பேச்சு எதற்கு என்று தோன்றலாம். கடலூரில் கேப்பர் மலை என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது, செம்மண் மேடு. அதைவிட்டால் நெய்வேலிச் சுரங்கத்து மண்மேடுகள். ஆனால் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குக் கடலூர்தான் தலைநகர், அந்த மாவட்டத்தில் கல்வராயன் மலை இருந்தது. 1993-ல் மாவட்டம் பிரிந்தபோது மலை விழுப்புரத்தோடு போயிற்று, 2019-ல் கள்ளக்குறிச்சியோடு. அதுவரை மலைத் துப்பாக்கிக்கும் வயல் துப்பாக்கிக்கும் கணக்கு வைத்தது இங்கிருந்த கலெக்டர் கச்சேரி.

ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலை என்பது அந்தக் காலத்தில் கேள்வியாகவே இருந்ததில்லை. இருந்ததே ஒன்றுதான். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு நரிக்குறவர் துப்பாக்கி கண்ணில் நிற்கும். ஆள் உயரத்துக்கு நீண்ட ஒற்றைக் குழல். பின்பக்கம் திறக்காது, எல்லாமே வாய் வழியாகத்தான். இடுப்புப் பையிலிருந்து கரிமருந்தை உள்ளங்கையில் கொட்டி, கண்ணாலேயே அளந்து, குழலுக்குள் சரிப்பார்கள். மேலே தேங்காய் நாரை உருட்டிப் போட்டு நீளக் கம்பியால் குத்துவார்கள். கம்பி மேலே துள்ளும் துள்ளலில் இறுக்கம் தெரிந்துவிடும். பிறகு ஈய ரவை, அது கொட்டிப்போகாமல் இன்னொரு நார். கடைசியாகக் குதிரையைப் பின்னுக்கு இழுத்து, அடியில் உள்ள காம்பின் மேல் கேப்பு. விசையைத் தட்டினால் முதலில் கேப்பு வெடிக்கும் சத்தம், ஒரு கணம் விட்டுத்தான் மருந்து பிடிக்கும். அந்த ஒரு கணம் கை அசையக் கூடாது. சுடுகிறவன் திறமை முழுக்க அந்தக் கணத்தில் இருந்தது. மழைக்காலத்தில் மருந்து நமுத்துவிட்டால் கேப்பு மட்டும் வெடித்து, பறவை பறந்து, சுற்றி நிற்கிற பிள்ளைகள் சிரிக்கும்.

இந்தக் குழலில் எதைப் போடுகிறோமோ அதுதான் துப்பாக்கி. வீராணம் ஏரிக்கரையில் கொக்குக்கும் மடையானுக்கும் பொடி ரவை. முயலுக்குக் கொஞ்சம் பருத்த ரவை. கல்வராயனில் பன்றிக்கு ஒற்றைக் குண்டு. துப்பாக்கியை மாற்றாமல் உள்ளே போவதை மாற்றிக்கொண்டார்கள். ரவை முப்பது நாற்பது மீட்டருக்கு மேல் சிதறிவிடும். குண்டும் வழவழப்பான குழலில் உருண்டு வெளியேறுவதால் அறுபது எழுபது மீட்டர் தாண்டினால் எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. ஆகவே வேட்டைக்காரன் தன் துப்பாக்கியை நீட்டுவதற்குப் பதில் தன்னைச் சுருக்கிக்கொண்டான். எருமை மாட்டின் மறைவில் நடந்தான், இலையைக் கட்டிக்கொண்டு தவழ்ந்தான். தூரத்தைக் குறைப்பது காலின் வேலை, துப்பாக்கியின் வேலையில்லை. இன்று ஆயிரம் மீட்டருக்குப் பணத்தைக் கொட்டுகிறவர்களிடம் எனக்குச் சொல்லத் தோன்றும் ஒரே பதில் அதுதான். அவர்கள் கேட்க மாட்டார்கள்.

துரைமார்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவர்கள்தான் இந்த நாட்டில் 'இரண்டுக்கும் ஒன்று' என்பதைக் காசு கொடுத்துத் தேடினார்கள். காலையில் ஏரியில் உள்ளான் சுட வேண்டும், மாலையில் மலையடிவாரத்தில் பன்றியோ சிறுத்தையோ வந்தால் அதையும் விடக் கூடாது. இரண்டு துப்பாக்கி கொண்டுபோனால் ஒன்றை ஆள் தூக்கி வர வேண்டும், அவனோ வேண்டிய நேரத்தில் ஐம்பது அடி பின்னால் இருப்பான். இதற்கு ஒரு வழி சொன்னவர் இந்தியாவிலேயே படையில் இருந்த கர்னல் ஜார்ஜ் ஃபாஸ்பெரி. வடமேற்கு எல்லைச் சண்டையில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். 1885-ல் அவர் காப்புரிமை பெற்ற யோசனை எளிமையானது: குழல் முழுக்க வழவழப்பாக இருக்கட்டும், வாய்க்கு அருகே கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் மட்டும் திருகுப் பள்ளம் வெட்டு. ரவை போட்டால் சாதாரணப் பறவைத் துப்பாக்கி. குண்டு போட்டால் கடைசி அங்குலங்களில் சுழற்சி ஏறி, நூறு கஜம் வரை நேராகப் போகும். லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி இதை வாங்கிப் 'பாரடாக்ஸ்' என்று பெயர் வைத்து விற்றது. இந்தியாவுக்கு வந்த வனத்துறை, வருவாய்த்துறை வெள்ளைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். நம் நரிக்குறவர் உள்ளங்கையால் செய்ததைத்தான் ஃபாஸ்பெரி குழலின் நுனியில் செய்தார்.

மலையில் தூரம் சுட வேண்டியவர்கள் வேறு வழி போனார்கள். 1907-ல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி. கைக்கு அடக்கமான, எடை குறைந்த ரைஃபிள். குமாவுன் சரிவுகளில் நாள் முழுக்கச் சுமந்து நடக்க அதுதான் ஒத்துவந்தது. அந்தத் தோட்டா உண்மையில் மவுசர் கம்பெனி ராணுவத்துக்காகச் செய்த 7 மில்லிமீட்டர் தோட்டா. போர்க்களத்துத் தூரத்துக்குப் பிறந்தது மலைக்கு வந்தது. நம் பக்கத்து மலைகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் இதற்கு நேர் எதிர். சேலம், தர்மபுரிக் காடுகளில் அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர்: கனத்த குண்டு, கிட்ட அடித்தால் இடி, தூரம் போனால் தலை சாய்ந்துவிடும். புதர்க்காட்டில் புலி முப்பது கஜத்தில் எழுந்து நிற்கும்போது வேறென்ன வேண்டும்? இமயத்தின் மலையும் கல்வராயன் மலையும் ஒரே மலை இல்லை. 'மலை வேட்டைக்கு ஏற்ற ரைஃபிள்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் 1878 ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கத் துரையின் கையெழுத்து வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் புதுச் சட்டம் வந்தும் கையெழுத்து மாறவில்லை, கையெழுத்துப் போடுகிறவர் மாறினார். வேட்டையைப் பொறுத்தவரை கதவைச் சாத்தியது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதில் கூட உரிமம் வாங்கிச் சுட ஒரு சந்து இருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்தது. அதோடு இரட்டை வேலைத் துப்பாக்கியின் ஒரு பாதி இந்தியாவில் செத்தது. மாட்டுப்பொங்கலை ஒட்டி ஊர்களில் சாமி பாரிவேட்டைக்குப் புறப்படுவது மட்டும் இன்னும் உண்டு. அம்பு ஒன்றை விட்டுவிட்டு, ஒரு முயல் கூடக் கலையாமல், சாமி திரும்பி வந்துவிடும். முயல்களின் பக்கம் நின்று பார்த்தால் இதுவரை நடந்ததிலேயே நல்ல வேட்டை அதுதான்.

நரிக்குறவர்களுக்கு வேட்டைத் தடை விளையாட்டு விஷயமாக இல்லை. வயிற்றுப்பாடே போயிற்று. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி தரிசனத்துக்கும் தேரோடும் வீதிகளில் இன்று அவர்கள் கையில் இருப்பது பாசிமணி, ஊசிமணி, பிளாஸ்டிக் பொம்மை, இப்போது செல்போன் உறை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அவர்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. பழங்குடி என்று அரசு அவர்களை ஒப்புக்கொண்டது வேட்டை முடிந்து ஐம்பது வருடம் கழித்து. கல்வராயனில் நாட்டுத் துப்பாக்கி முழுக்க மறையவில்லை. உரிமமில்லாத துப்பாக்கிகளைத் தாமாக வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் அவ்வப்போது அறிவிப்பதும், சில குழல்கள் ஊர்ப் பொது இடத்தில் யார் வைத்தது என்று தெரியாமல் கிடப்பதும், அதைச் செய்தித்தாளில் படம் போடுவதும் வழக்கமாகிவிட்டது.

சரி, இன்று கடலூரில் ஒருவருக்கு ஒரு ரைஃபிள் வேண்டும், அது எல்லாவற்றுக்கும் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உரிமத்துக்குக் கலெக்டர் அலுவலகத்தில் மனு, போலீஸ் விசாரணை. பயிர்ப் பாதுகாப்பு, தற்காப்பு, விளையாட்டு என்று காரணம் சொல்ல வேண்டும். இங்கே உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் பட்டாளத்திலிருந்து வந்து வங்கி வாசலில் காவல் நிற்கிறவர்கள். அப்படி ஒருவரிடம் கேட்டேன், ரைஃபிள் வாங்கியிருக்கலாமே என்று. "எதுக்குத் தம்பி? ரைஃபிளைத் தூக்கிக்கிட்டு நின்னா மேனேஜரே பயந்துடுவாரு. இந்த இரட்டைக்குழல்தான் பாக்க மரியாதையா இருக்கும், சோறும் போடும்" என்றார். அந்தத் துப்பாக்கி எதையும் சுட்டதில்லை. வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் போடுகிறார்.

ரைஃபிள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கைக்கு எட்டுவது பெரும்பாலும் .315. இச்சாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் சரக்கு, உருவத்தில் பழைய லீ-என்ஃபீல்டின் தம்பி, ஐந்து தோட்டா. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ராணுவம் சுடும் .303 தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் போட்ட தடையால் வேறு அளவு தேவைப்பட்டது. வெள்ளைக்காரச் சர்க்கார் போய் எழுபத்தைந்து வருடம் கடந்தும் .303 தடைப்பட்ட அளவு, .315 அனுமதித்த அளவு. வெளிநாட்டு ரைஃபிளைச் சாதாரண ஆள் இறக்குமதி செய்வது 1980களின் நடுவோடு நின்றது. பேர்பெற்ற துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு. பேரல் ஒரு கடையில், கட்டை இன்னொரு கடையில் வாங்கி வீட்டில் பொருத்திக்கொள்வதெல்லாம் நினைத்தும் பார்க்க முடியாது. துப்பாக்கி செய்யத் தனி உரிமம். திருச்சியில் 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை ஓடுகிறது. அது பெரும்பாலும் ராணுவத்துக்கும் போலீஸுக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். அமெரிக்காவில் ஒருவர் 'இரண்டுக்கும் ஒன்று' என்பதை விருப்பத்தால் தேடுகிறார். இங்கே சட்டமே அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஆனால் மலையில் சுட ஒன்றுமில்லை, ஆயிரம் மீட்டர் மைதானம் பொதுமக்களுக்கு ஏறக்குறைய இல்லை.

அமெரிக்காவில் இந்த 'இரண்டுக்கும் ஒன்று' ரைஃபிளை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரியும். எல்லாம் எடையில் வந்து நிற்கிறது. மலை ஏறுகிறவனுக்கு டெலஸ்கோப்போடு சேர்த்து மூன்று, மூன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் மூச்சு வாங்கும். இலக்குச் சுடுகிறவனுக்கு எட்டு ஒன்பது கிலோ இருந்தால்தான் திருப்தி. கனம் கூடினால் உதை குறையும், குறி ஆடாது. மெலிந்த பேரல் மூன்று நாலு தோட்டாவில் சூடேறி, குண்டு விழும் இடம் நகர ஆரம்பிக்கும். வேட்டைக்காரனுக்கு இது பொருட்டே அல்ல, அவன் சுடுவது ஒன்றோ இரண்டோ. இலக்குக்காரன் ஒரு காலையில் நூறு சுடுவான். தடித்த பேரலுக்கு வெளியே நீளவாட்டில் பள்ளம் எடுப்பது, உள்ளே மெல்லிய எஃகு வைத்து வெளியே கார்பன் இழை சுற்றுவது என்று எடையைக் கிராம் கிராமாகக் கழிக்கிறார்கள். தோளில் படும் கட்டையின் நீளத்தையும் கன்னம் படும் உயரத்தையும் திருகி மாற்ற வசதி வைக்கிறார்கள். கடைசியில் நாலரை, ஐந்து கிலோவில் வந்து நிற்கும். இப்படிப்பட்டவர்களுக்கென்றே 12 பவுண்டு, 16 பவுண்டு என எடை வரம்பு போட்டு அமெரிக்காவில் போட்டிகளும் நடக்கின்றன.

தோட்டாவிலும் அதே இழுபறி. 2007-ல் வந்த 6.5 கிரீட்மூர் இப்போது இரு கட்சிக்கும் பொது. நீண்டு ஒல்லியான குண்டு, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்; உதை குறைவு; பேரலும் இரண்டாயிரம் தோட்டாவுக்கு மேல் தாங்கும். அதுவும் நூறு மீட்டருக்குக் குறி வைத்து ஆயிரத்துக்குச் சுட்டால் சுமார் பத்து மீட்டர் கீழே விழும். போய்ச் சேர ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும். பக்கவாட்டில் காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம் விலகும். கடலூரில் மாலைக் கடல்காற்று அதைவிடப் பலமாக அடிக்கும் நாட்கள் உண்டு. இரும்புத் தட்டு தப்பினால் மண் தெறிக்கும், திருத்திச் சுடலாம். ஆனால் மான் அந்த ஒன்றரை வினாடியில் ஓர் எட்டு வைத்தால் குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் படும். ஆயிரம் மீட்டரில் தட்டடிக்கிற அதே ரைஃபிளால் ஆயிரம் மீட்டரில் வேட்டையாடலாம் என்பது பேராசை. அங்கேயும் நிதானமான வேட்டைக்காரர்கள் முந்நூறு நானூறோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ரைஃபிள் ஒன்றாகலாம், தூரம் இரண்டாகத்தான் இருக்கும்.

நம் ஊருக்கு மிஞ்சியது இலக்குப் பாதி. அதுவும் சுருங்கிச் சுருங்கிப் பத்து மீட்டருக்கு வந்துவிட்டது. 1951-ல் தேசிய ரைஃபிள் சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர் மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர். இன்றும் தேசியப் போட்டிகளில் 300 மீட்டர் உண்டு, ஆனால் கூட்டம் சேர்வது ஏர் ரைஃபிளில்தான். காரணம் எளிது: .177 அளவுக்கும் 20 ஜூலுக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம்.

1999 ஆகஸ்டில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்தப் பத்து மீட்டரில் உலகின் முதலிடம் வரை போனார். வளர்ந்தது அகமதாபாத். வளர்த்தெடுத்த ககன் நாரங் பிறந்தது சென்னை, வளர்ந்தது ஹைதராபாத். தமிழ்நாட்டில் பிறந்து வெளியே போய்ச் சுடக் கற்ற இருவர் என்று பெருமையும் படலாம், கொஞ்சம் வெட்கமும் படலாம். இளவேனிலுக்கு 2019-ல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம், அதே ஆண்டு சீனாவின் புட்டியனில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் தங்கம். பாரீஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்துப் பத்தாவதாக வந்தார். இறுதிக்குப் போவது எட்டுப் பேர். அறுபது சுடுகள், மொத்தம் 654-க்கு. ஒரு சுடுக்குச் சராசரி பத்தரைக்கு மேல். அப்படியும் வெளியே.

அந்தப் பத்தின் அளவு என்ன தெரியுமா? அட்டையின் நடுவில் அரை மில்லிமீட்டர் புள்ளி. சுடும் ஈயக் குண்டோ நாலரை மில்லிமீட்டர். புள்ளியைவிட ஒன்பது மடங்கு பெரியது அந்தப் புள்ளியைத் தொட வேண்டும். தடித்த தோல் சட்டை மாட்டி, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, இதயத் துடிப்புகளுக்கு நடுவே விசையைத் தட்டுகிறார்கள். விசையில் கிராம் கணக்கில் எடை இருந்தால் போதும். ரைஃபிள் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. கல்வராயன் ஏறுகிறவர் தோளுக்கு அது பாரம், துரையின் பாரடாக்ஸை விட இரண்டு கிலோ அதிகம். அது கொல்லக்கூடியது எலிக்கு மேல் எதுவுமில்லை.

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு பெண் பிள்ளைக்கு இதில் ஆசை வந்தால் முதலில் கை படுவது அநேகமாக என்.சி.சி. முகாமின் .22 ரைஃபிள். தரையில் படுத்து, இருபத்தைந்து மீட்டரில் ஐந்து தோட்டா, முடிந்தது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும். போட்டிக்கு ஆகும் தரமான ஏர் ரைஃபிள் ஜெர்மனியிலிருந்தோ ஆஸ்திரியாவிலிருந்தோ வர வேண்டும், விலை லட்சங்களில். வீட்டு மாடியில் நீளவாட்டில் பத்து மீட்டர் இடம் இருந்தால் பயிற்சியை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு வசதி. தேர்தல் அறிவித்ததும் மாவட்டத்தின் இரட்டைக்குழல்களும் .315-களும் பெரும்பாலும் காவல் நிலையத்துக்குப் போய்விடும். ஏர் ரைஃபிள் மாடியிலேயே இருக்கலாம், அதைக் கேட்டு யாரும் வர மாட்டார்கள்.